சாரி சாரியாக ஆறு சாரி

மனைவிக்கு மரியாதை கற்றுக்கொடுத்தே தீருவது என்று லயனல் பெதிக் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில், கறிக்கடை வாசலில். உள்ளே அத்தனை ரத்தம் இருந்தும் அவர் முகத்தில் ஒரு சொட்டு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கடைக்காரர் கூம்ப், "என்ன தரட்டும்?" என்றார். நடீன், "கூம்ப் கண்ணு, ஆறு சாஸேஜ் குடு" என்றாள். காசு கொடுத்தாள். "முட்டிவலி எப்படி இருக்கு? போன வாரம் நொண்டினியே!" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தாள். வந்துவிட்டாள்.

ப்ளீஸ் இல்லை! முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வரிசையில் நின்ற ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் அப்படிப் பார்ப்பது கல்லெடுத்து எறிவதற்குச் சமம்.

லயனலுக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடமாக அந்த ஊர் நூலகத்தில் வேலை. யாராவது அவர் காலை மிதித்தால் இவர் சாரி சொல்வார். விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் சாரி சொல்வார். ஒருமுறை துணிக்கடைக் கண்ணாடியில் எதிரே வந்த தன் உருவத்துக்கே சாரி சொல்லிவிட்டு, அது வழிவிடட்டும் என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். நடீன் அமெரிக்காவில் நெப்ராஸ்காக்காரி. நாலு வருடத்துக்கு முன் தன் கொள்ளுத்தாத்தாவின் பிறந்த தேதியைத் தேடி அந்த நூலகத்துக்கு வந்து, "இங்க யாராவது உயிரோட இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். அவள் சத்தத்தைக் குறைக்க வேறு வழியில்லாமல்தான் லயனல் கல்யாணம் செய்துகொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஆரம்பித்தார்.

"நடீன், நீ ப்ளீஸ் சொல்லல."

"எதுக்குச் சொல்லணும்?"

"மரியாதைக்குத்தான்."

"எங்க ஊர்க் கடையில ப்ளீஸ் சொன்னா, 'எவ்வளவு நேரம் நிக்கறது, குடுத்துத் தொலை'ன்னு அர்த்தம். விக்கிறது அவர் வேலை, வாங்கறது நம்ம வேலை. நடுவுல என்ன கெஞ்சல்?"

"கெஞ்சல் இல்ல. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடற மாதிரி."

"சாஸேஜ்லயே வேண்டிய மட்டும் எண்ணெய் இருக்கே லயனல்!"

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் பாடம் தொடங்கியது. ஆறு சாஸேஜுக்கு நாலு ப்ளீஸ், ஐந்து தேங்க்யூ என்பது முதல் பாடம். நடீன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அவள் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து லயனல் பார்த்ததில்லை. தன் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

"மோசமில்லைன்னா பிரமாதம்னு அர்த்தம்," என்றார். "கொஞ்சம்னா நிறையன்னு அர்த்தம். 'ரோட்ல கொஞ்சம் தண்ணி'ன்னு சொன்னா படகு எடுத்துட்டு வரணும்."

"சரி. சாரிக்கு?"

"ஒரு சாரின்னா ஒண்ணுமில்ல, வழி விடுங்கன்னு அர்த்தம். ரெண்டு சாரின்னா சின்னத் தொந்தரவு. மூணுன்னா அவசரம்."

"ஆறு சாரின்னா?"

லயனல் யோசித்தார். "எங்கப்பா ஒரே ஒரு தடவை ஆறு சொல்லியிருக்கார். தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ணி. மாடி எரிஞ்சுட்டிருந்தது."

நடீன் அதையும் எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை உணவின்போது லயனல், "வயித்துல கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு" என்றார். நடீன் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் நனைந்த காகிதம் போல இருந்தது. பத்து மணிக்கு அவர் மடக்கு நாற்காலி மாதிரி மடங்கிவிட்டார். மடங்கிய வாக்கிலேயே, "டீ போடட்டுமா உனக்கு?" என்று கேட்டார். அவள் அவரைக் காருக்குள் திணித்தாள்.

வழியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆஸ்பத்திரில நான் பேசிக்கறேன். நீ உங்க ஊர் மாதிரி கத்தி என் மானத்தை வாங்கிடாத."

"நான் பேசவே கூடாதா?"

"பேசினா எங்க ஊர் மாதிரி பேசு. அதுக்குத்தானே அவ்வளவு பாடம்."

"சரி," என்றாள் நடீன்.

இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னபோதே லயனல் உஷாராகியிருக்க வேண்டும். வலியில் கவனிக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் நல்ல கூட்டம். பதிவு செய்யும் பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். "ஒண்ணும் பெருசா இல்லைங்க. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பாத்தா போதும்," என்றார் லயனல். பிறகு, டீ கெட்டிலின் மூக்கில் விரல் சிக்கிக்கொண்ட ஒரு அம்மாளைத் தனக்கு முன்னால் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விக்கல் நிற்காத ஒருவரையும் போகச் சொன்னார். "நீங்க முதல்ல போங்க," "இல்ல, நீங்க போங்க" என்று அவர்கள் மாறி மாறி உபசாரம் செய்ததைப் பார்த்தால் கல்யாணப் பந்தி என்றுதான் யாருக்கும் தோன்றும். நடீன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுத்த வாக்கு!

நர்ஸ் ப்ரான்வென் வந்தாள். வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னாள்.

"ரெண்டு," என்றார் லயனல். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "ரெண்டரைன்னு போட்டுக்கங்க. உங்களுக்குச் சிரமமில்லன்னா."

அவள் இரண்டரை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள்.

நடீன் எழுந்தாள். லயனல் கண்ணை மூடிக்கொண்டார். இதோ கத்தப் போகிறாள், கூரை பறக்கப் போகிறது என்று காத்திருந்தார். சத்தமே வரவில்லை. பூனை மாதிரி நடந்துபோய் நர்ஸின் அருகே நின்று, நடீன் கிசுகிசுப்பான குரலில் பேசினாள்.

"சாரி. தொந்தரவுக்கு ரொம்ப சாரி. நீங்க வேலையா இருக்கீங்க, சாரி. நான் கேக்கறதே தப்பு, சாரி. ப்ளீஸ், முடிஞ்சா மட்டும், அவசரமே இல்ல, சாரி. அங்க உக்காந்திருக்கற என் வீட்டுக்காரர் கொஞ்சம் செத்துட்டிருக்கார்னு நினைக்கறேன். சாரி."

சாரி சாரியாக வந்தன சாரிகள். மூன்றாவதிலேயே ப்ரான்வென் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவதில் அவள் கை பேனாவைத் தவறவிட்டது. ஆறாவது காதில் விழுந்தபோது நோயாளிகளைக் கொண்டுபோகும் தள்ளுவண்டியின் பிரேக்கைக் காலால் விடுவித்து, அதை லயனல் பக்கம் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஆறு!" என்றாள் டாக்டரிடம். "ஆறு சாரி சொன்னாங்க டாக்டர்!"

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை டாக்டர் லயனலின் படுக்கை அருகே வந்தார். "குடல்வால்தான். கொஞ்சம் முரண்டு பிடிச்சுது," என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் ஒரு டாக்டர் 'கொஞ்சம்' என்கிறார் என்றால், இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் பாதிரியாருக்குத்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நடீன் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. முந்தின நாள் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. லயனல் அந்தச் செருப்புகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளீஸ் சொல்லத் தெரியாதவள் என்று யாரைப் பற்றி முடிவு கட்டியிருந்தார்? அவர் கண் நிறைந்துவிட்டது. அவள் விழித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு என்ன வேணுமோ கேளு. எதுவா இருந்தாலும் செய்யறேன்."

"எதுவா இருந்தாலுமா? இது உங்க ஊர்ப் பேச்சா, எங்க ஊர்ப் பேச்சா?"

"உங்க ஊர்ப் பேச்சுதான். சொன்னா சொன்னது."

"அப்போ நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நம்ம வீட்ல எங்க ஊர் தேங்க்ஸ்கிவிங், நன்றி விருந்து. இருபது பேர். முழு வான்கோழி. ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, எதுக்கு நன்றின்னு சத்தமா சொல்லணும். நாலு வருஷமா கேக்கறேன், 'ஒருநாள் பாக்கலாம்'னே சொல்லிட்டிருக்க."

லயனலுக்குத் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. மனசில் இருப்பதை நாலு பேர் முன்னால் சொல்வதா! அதற்கு இன்னொரு குடல்வாலையே கொடுத்துவிடலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இருந்தாலும் அவர் ஒரு திட்டம் போட்டார். இந்த மாதிரிச் சடங்கெல்லாம் மேஜையின் தலைப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். சமையலறைக் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் முறை வருவதற்குள் குழம்பு எடுத்துவர உள்ளே போய்விடலாம். முறை தாண்டும் வரை குழம்பு சூடாகிக்கொண்டே இருக்கும். கூம்ப்பிடம் இதை ரகசியமாகச் சொன்னார். "எனக்கும் ஒரு நாற்காலி பக்கத்துலயே போடுங்க மிஸ்டர் பெதிக். நான் உருளைக்கிழங்கு எடுக்க வரேன்," என்றார் கூம்ப்.

விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள். ப்ரான்வென் வந்தாள். விக்கல்காரர் வந்தார், விக்கல் இல்லாமல். கெட்டிலில் விரல் சிக்கிய அம்மாள்கூட வந்திருந்தாள். அன்று லயனலின் ஆபரேஷன் முடியக் காத்திருந்த நேரத்தில் நடீன் அவளுடைய பிறந்தநாள் வரை விசாரித்து வைத்திருந்தாள். வான்கோழி மணத்தது. லயனல் கதவோரம் உட்கார்ந்து, ஒரு காலைச் சமையலறைப் பக்கம் தயாராக வைத்துக்கொண்டார்.

நடீன் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"எங்க வீட்டு வழக்கப்படி, சமையலறைக் கதவோரம் இருக்கறவர்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்."

"அப்படி ஒரு வழக்கமா?" என்றார் லயனல் பரிதாபமாக.

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது."

கூம்ப் சட்டென்று தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். லயனல் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இது கொஞ்சம்..." என்று தொடங்கி நிறுத்தினார். "கொஞ்சம் இல்ல. ரொம்பக் கஷ்டம். இவ இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க நின்னுட்டிருக்க மாட்டேன். நான் என் மானத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். இவ என்னைப் பாத்துக்கிட்டா. உன் மேல எனக்கு உசிரு, நடீன். நன்றி."

இருபது பேரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். ப்ரான்வென் கைக்குட்டையைத் தேடினாள். "மோசமில்ல," என்றார் கூம்ப், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. லயனலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஐம்பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு லேசை அவர் அறிந்ததில்லை. நிம்மதியாக உட்காரப் போனார்.

நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டிக் கூடைக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"உக்காந்துடாத கண்ணு. இன்னொரு தடவை, சத்தமா. நெப்ராஸ்கால எங்க வீட்டு ஆளுங்க பதினேழு பேர் கேட்டுட்டிருக்காங்க, அந்த 'உசிரு' மட்டும் சரியா காதுல விழலையாம்."