காரணம் சொல்லாத கப்பல்

"என் பொண்ணு குளிக்கவே மாட்டேங்குறா. மேஃப்ளவர் கப்பல்ல வந்தவங்க யாருமே குளிக்கலன்னு டீச்சர் சொன்னாங்களாம். இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறேன்?"

திருமதி ஹாலோவெல்லின் புகாரை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து முடித்தார் தலைமையாசிரியர் கிராஃப்ட். மழலையர் வகுப்பு ஆசிரியை லோர்னா அசரவில்லை. மாசசூசெட்ஸில் நன்றி நவிலல் விருந்து நெருங்கினால், நானூறு வருடம் முன்பு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்களின் நாடகத்துக்காகப் பள்ளிக்குப் பள்ளி அட்டைக் கப்பல் கிளம்பும். கூடவே புகாரும் கிளம்பும்.

"குளிக்கலதான் சார். தண்ணிக்கு எங்க போவாங்க?"

"கப்பல்ல ஒரு குழாய் வரைஞ்சுடுங்க. புயல் வேண்டாம், வாந்தி வேண்டாம். இங்கிலாந்து ராஜா நல்லவரா இருக்கட்டும். வேஷம் போடுற பிள்ளை மனசு நோகக் கூடாது."

"சாமி விஷயம்?"

"வாயே திறக்காதீங்க. இது அரசுப் பள்ளிக்கூடம், மதம் பேசினா சட்டப் பிரச்சனை வரும்."

"அவங்க இஷ்டப்படி கும்பிட விடலன்னுதானே சார் கப்பலே ஏறினாங்க? அந்த ஒரு வரியாவது விட்டு வைங்க. இல்லேன்னா பிள்ளைங்களுக்கு என்ன புரியும்?"

கிராஃப்ட் நெற்றியைச் சுருக்கி, வரலாற்றைத் திருத்தி அருளினார்: "தனிப்பட்ட காரணங்களை முன்னிட்டு இடமாற்றம்."

நாடகத்தன்று பெற்றோர் பூசணிப் பலகாரத்தோடு வந்து நிறைந்தார்கள். நீலப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக் கடலை ஆட்டியது லோர்னாதான். ராஜா எல்லோருக்கும் முத்தம் கொடுத்து வழியனுப்பினார். கப்பல் நகரவில்லை.

"ராஜா நல்லவராத்தானே இருக்காரு, நாம ஏன் போறோம்?" என்றாள் ஹாலோவெல் வீட்டு ஓபல். பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

கிராஃப்ட் கண்ணால் அதட்டினார். லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "ராஜா சொல்ற மாதிரிதான் சாமி கும்பிடணுமாம். அவங்க இஷ்டப்படி கும்பிடக் கூடாதாம்."

"அநியாயம்," என்றது கப்பல் முழுதும். ஒரே மூச்சில் கடல் தாண்டி, கரையாக விரித்திருந்த பாயில் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். லோர்னாவின் முகம் மலர்ந்தது. சட்டம் கிடக்கட்டும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டதே.

கரையேறிய ஓபல் இடுப்பில் கை வைத்தாள். "இனிமே எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு, நான் சொல்ற மாதிரிதான் கும்பிடணும். மாட்டேன்னா கப்பல்லயே இருங்க."

"என்ன ஒரு தலைமைப் பண்பு," என்று வியந்தார் கிராஃப்ட். குளியலை மறந்து திருமதி ஹாலோவெல் கண் கலங்கினாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. லோர்னா கடலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கப்பலில் ஹெஸ்டர் என்ற சிறுமி மட்டும் இன்னும் இறங்காமல் மிச்சம். ஓபலைப் பார்த்தாள், கிராஃப்டைப் பார்த்தாள், கடைசியில் டீச்சரைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டுதான் கும்பிட வரும். யாராவது என்னை இறக்கி விடுங்களேன்."