காத்தரின் காரில் நின்ற காற்று

குடாநாட்டில் ஓடுகிற அத்தனை வாகனங்களுக்கும் பிரேக் பிழை என்று மனதார நம்பிய ஒரே மனிதர், கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், குடியிருந்த காத்தர்தான். கலியாண வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஏறி மிதித்துப் பார்த்து, "பிரேக் குழாயிலை காத்து நிக்குது" என்பார். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்குத் தவித்துக்கொண்டு நிற்பார். ஒரு செத்தவீட்டில் அமரர் ஊர்தியையே மறித்து, "பெட்டியைக் காவிக்கொண்டு நடவுங்கோ, உயிரோடை இருக்கிறவையாவது தப்பட்டும்" என்றவர். அந்தக் 'காத்து' தந்த பெயர்தான் காத்தர்.

அப்பேர்ப்பட்டவரின் சொந்தக் கார்தான் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நிற்காமல் போய் மதிலில் இடித்தது. ஓட்டியவர் காத்தரேதான்; பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவி பவளமக்கா. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துத்தான் உயிரோடு இருந்தார்.

"இனி ஏறமாட்டன். சாகிறதெண்டால் வீட்டிலை சாகிறன்" என்று படுத்துவிட்டார்.

"ஓட்டோவிலை போகலாமே அக்கா?" என்றேன்.

"ஓட்டோவுக்கு எங்கை தம்பி பிரேக்?"

முப்பது வருசமாகக் காத்தர் ஊட்டிய பயம்.

இரத்தம் சுத்திகரிக்கும் தவணை ஒன்று தவறியது. அக்காவின் முகம் ஊதிவிட்டது. காத்தர் தன் காருக்குப் பொருந்துகிற, பழையதைவிடப் பெரிய, சில்லைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் சோடியொன்றை வாங்கிவந்து வீட்டிலேயே பூட்டினார். கராச் மெக்கானிக்கை நம்புவாரா?

பிறகு குழாயில் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்ன வாயைத் திறந்து, ஒயிலோடு காற்றை வெளியே விட்டு மூடுவார். மிதிக்க நான் அகப்பட்டேன்.

"மிதியும்! பிடியும்! ஐயோ, விடாதையும்!"

காலையில் தொடங்கியது மத்தியானமாகியும் முடியவில்லை. மூன்று போத்தல் பிரேக் ஒயில் போய்விட்டது. பெடலோ தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி இறங்கியது.

"உம்மடை கால் சரியில்லை!"

"உங்கடை மண்டைதான் சரியில்லை அண்ணை!"

திருப்பிக் கத்துவார் என்று பார்த்தேன். மனுசன் நிலத்திலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினார். "நாளைக்கும் தவறினால் அவள் முடிஞ்சாள், தம்பி." எனக்கு வெட்கமாகிவிட்டது.

பவளமக்கா கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, உந்த நிப்பிள் ஏன் கீழ்ப்பக்கம் கிடக்கு? காத்து மேலையெல்லோ நிக்கும்? என்ரை இரத்தம் ஓடுற குழாயிலை காத்து நிண்டால், நேர்ஸ்பிள்ளை மேலாலைதான் எடுக்கிறவ."

காத்தர் எட்டிப் பார்த்தார். காருக்கு எதிரே நின்று இடம் வலம் பார்த்ததால், ஒரு பக்கத்துக் காலிப்பரை மற்றப் பக்கம் பூட்டி வைத்திருந்தார். அதனால்தான் நிப்பிள் தலைகீழாகக் கிடந்தது. இரண்டையும் மாற்றிப் பூட்டினோம். கொஞ்ச நேரத்தில் பெடல் கல்லானது.

அடுத்த நாள் காலை ஒழுங்கையில் காரைப் பத்துத் தரம் ஓடி நிறுத்திக் காட்டினார். பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, "காணும், நேரம் போகுது" என்று முன் சீற்றில் ஏறினார்.

அதற்குப் பிறகு அக்கா ஐந்து மாதம் உயிரோடு இருந்தார். ஒரு தவணையும் தவறவில்லை. அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று காத்தர் என்னிடம் சொன்னார்: "கடைசிக் காலத்திலை அவள் கார் ஓடேக்கை நித்திரை கொள்ளுவாள், தம்பி. என்னை நம்பி நித்திரை கொண்டவள்."

அன்று அவருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். எழும்பிப் போக மனம் வரவில்லை.