இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே பதில்

மனித குலத்தில் படிவப் பிராணி என்று ஒரு வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள், முழுதாக ஆட்டினீர்களா, ஓரளவுக்கு ஆட்டினீர்களா என்று அடுத்த நிமிடமே கேட்பார். எதிரே நிற்கிற ஆள் வாய் திறந்து சொல்வதை இவர் நம்பமாட்டார். அதே ஆள் அதையே ஒரு தாளில், கட்டத்துக்குள், டிக் போட்டுக் கொடுத்துவிட்டால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தொழிற்சாலை, அலுவலகம், அரசாங்கத் திட்டம் என்று நாலு பேர் சேர்ந்து எதைச் செய்தாலும் அதை ஆராய்ச்சி செய்வது இந்த இனத்தின் பிழைப்பு. நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் சந்தோஷம் இன்னும் அதிகம், சதவீதம் போடலாம்.

நம்முடைய ஆள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர் போய் இறங்கிய தொழிற்சாலைகளில் எல்லாம் அவருக்கு ஒரே பெயர்தான் வந்து சேர்ந்தது: ஃபாரம் சார். தோளில் ஒரு பை, பைக்குள் ஓர் அட்டை, அட்டையில் ஒரு கிளிப், கிளிப்பில் எந்நேரமும் இரண்டு அங்குல உயரத்துக்குத் தாள். மழை வந்தால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தான் நனைவார்.

வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் அவர் மனைவிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே பதினான்கு கேள்விகள் இருந்தன. கீழே, 'தங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்' என்று ஒரு குறிப்பு. அந்தப் பெண் பதினான்குக்கும் 'கருத்து இல்லை' என்று டிக் போட்டு அனுப்பினார். அதை வெட்கம் என்று முடிவு கட்டி மனிதர் கல்யாணம் செய்துகொண்டார். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"உப்பு சரியா இருக்கா?"

"எதோட ஒப்பிட்டுக் கேக்குறே? நேத்தோடயா, போன வாரத்தோடயா?"

"உங்க நாக்கோடதாங்க."

"ஒரு நாக்கை வச்சு என்னம்மா சொல்ல முடியும்?"

அம்மையார் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அதையும் 'பதில் கிடைக்கவில்லை' என்ற கணக்கில்தான் நம்மவர் சேர்ப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு சட்டைத் தொழிற்சாலை கூப்பிட்டு அனுப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிற இடம். அவர்களில் சிலருடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, தரைத்தளத்தில் ஒரு காப்பக அறை இருந்தது. மேலாளருக்கு அந்த அறைமேல் நீண்ட நாளாக ஒரு கண். அட்டைப்பெட்டி அடுக்க இடம் போதவில்லை என்பது அவர் கட்சி. முதலாளியம்மாவோ படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற ரகம். "ஒரு பேராசிரியரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. வேணும்னு சொன்னா இருக்கட்டும், வேண்டாம்னா மூடிரலாம்" என்று சொல்லிவிட்டார். அறை போனால் தாய்மார்கள் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருவார்கள்? பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான். இத்தனையும் இப்போது ஃபாரம் சாரின் பைக்குள் இருந்தது.

அவர் அறுபத்து மூன்று கேள்விகள் தயாரித்தார். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அரை மணியில் சாப்பிட்டு, கை கழுவி, அறுபத்து மூன்று கேள்விக்கு யார் பதில் எழுதுவது என்று ஒரு சாதாரண ஆளுக்குச் சந்தேகம் வரும். அவருக்கு வரவில்லை. தான் பக்கத்தில் நின்றால் பெண்கள் தன்னைப் பார்த்துப் பதிலை மாற்றிவிடுவார்களாம். ஆகவே படிவக்கட்டைச் சாப்பாட்டுக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, திருடன் மாதிரி நழுவிப் போய்விட்டார். நாலாம் நாள் வந்து பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டும் நிரப்பி, அழகாக அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை! அவருடைய இருபது வருட ஆராய்ச்சியில் ஒரு தொழிற்சாலையிலும் நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் திருப்பிக் கொடுத்ததில்லை. தலைகால் புரியவில்லை மனிதருக்கு. காவலாளியைக் கட்டிப்பிடிக்கப் போனார். காவலாளி ஒதுங்கிக்கொண்டார்.

கணக்குப் போட ஓர் அறை கொடுத்தார்கள். அது காப்பகத்துக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதால் அதைப் பார்த்து நாலு அழும். நாலு அழுவதைப் பார்த்து ஒன்று சிரிக்கும். சிரித்ததை ஒன்று கிள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஆயாம்மா கைதட்டிப் பாட, தகர டப்பா ஒன்று விடாமல் தாளம் போடும். இந்தப் பக்கம் ஃபாரம் சார் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, 'காப்பகத்தைத் தாங்கள் எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்?' என்ற நாற்பத்தோராம் கேள்விக்கு வந்த பதில்களைக் கூட்டினார். தினமும், பூஜ்யம். அடிக்கடி, பூஜ்யம். எப்போதாவது, பூஜ்யம். ஒருபோதும் இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டு.

அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'அடுத்த அறையில் குழந்தைகளின் இரைச்சல் பொறுக்க முடியவில்லை. ஆய்வுக்கு இடையூறாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அதே பேனாவால் அறிக்கையில் 'காப்பகத்தின் பயன்பாடு: முற்றிலும் இல்லை' என்று எழுதினார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஒரு நாள் தடுப்பின் கீழாகத் தவழ்ந்து வந்த ஒரு வாண்டு, அவர் காலடியில் உட்கார்ந்து எண்பத்தேழாம் படிவத்தைச் சாவகாசமாகத் தின்றது. பிள்ளையைத் தூக்கி ஆயாம்மாவிடம் கொடுத்தார். திரும்பி வந்து குறித்துக்கொண்டார்: 'படிவம் 87, பக்கம் மூன்று, விவரம் இல்லை.' தின்றது யார் என்று குறிப்பதற்கு அட்டவணையில் இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் படிவமும் பச்சை மையில் இருந்தது. இது அவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. 'ஆடைத் தொழிலாளர்களிடையே பச்சை மைக்கு உள்ள வியத்தகு நாட்டம்' என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார்.

விஷயம் எப்படியோ கசிந்து ஆயாம்மா காதுக்குப் போயிற்று. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், ரூமை மூடச் சொல்லி எழுதிட்டீங்களாமே?"

"நான் சொல்லலம்மா. கிடைச்ச பதில் அப்படிச் சொல்லுது."

"முப்பத்தோரு பிள்ளைங்க இருக்கு சார். வந்து எண்ணிப் பாருங்களேன்."

"எண்ணலாம்மா. ஆனா அது சும்மா பாத்ததாத்தான் ஆகும். முறைப்படி திரட்டினதா ஆகாது."

"அப்ப இதெல்லாம் பிள்ளையில்லாம என்ன சார்?"

இடுப்பில் இருந்தது கையை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. அன்றைக்கு ராத்திரி அவர் இதை மனைவியிடம் சொன்னபோது, அம்மையார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கண்ணாடியைப் பிடுங்கினது பிள்ளையா, இல்ல சும்மா பாத்ததா?"  நம்மவர் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவெடுக்கும் கூட்டம். நடுவில் முதலாளியம்மா. வலப்பக்கம், அட்டைப்பெட்டியின் நீள அகலக் கணக்குத் தாளோடு மேலாளர். தொழிலாளர் சார்பில், பட்டன் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் மூத்த பெண். தொழிற்சாலை முழுக்க அவரைப் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடும். ஃபாரம் சார் திரையில் படம் போட்டார். முழு வட்டம், ஒரே நிறம்.

"இருநூத்திப் பன்னிரண்டு பேர்ல இருநூத்திப் பன்னிரண்டு பேரும் ஒரே பதில். இப்படி ஒரு ஒற்றுமையை உலகத்துல எந்த ஆலையிலயும் யாரும் பதிவு பண்ணினதில்ல. வெளிநாட்டு மாநாட்டுல இந்தக் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க."

பட்டன் அக்கா எழுந்தார். "சார், அது நாந்தாங்க."

"எது?"

"அந்த இருநூத்திப் பன்னிரண்டும்."

ஃபாரம் சார் திரும்பித் திரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார்.

"எங்ககிட்ட வருஷத்துக்கு நாலு பேர் இப்படி ஃபாரம் கொண்டாந்து குடுப்பாங்க சார். அரை மணி நேரத்துல சாப்புடுறதா, எழுதுறதா? அப்ப என் மிஷின் ரிப்பேர். நாலு நாள் சும்மா உக்காந்திருந்தேன். அக்கா, எங்களதையும் சேத்து எழுதிருன்னு எல்லாரும் என்கிட்ட குடுத்துட்டாங்க. கை வீங்கிப்போச்சு. ஒரு ரீஃபில் தீந்து இன்னொண்ணு வாங்கினேன்."

"சரிம்மா, ஆனா காப்பகம் பத்தின கேள்விக்கு ஏன் ஒருபோதும் இல்லன்னு போட்டீங்க?"

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என் பையன் கப்பல்ல வேலை பாக்குறான் சார். அவனைக் கொண்டாந்து அங்க விட முடியுமா? 'தாங்கள்'னு கேட்டிருக்கு. எழுதுறது நானு. பொய் எழுதச் சொல்றீங்களா?"

இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஒரு பெண்மணி மனசாட்சி பிசகாமல் உண்மை பேசியிருக்கிறார். அதை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஃபாரம் சார் திரையை அணைத்தார். மாநாடு போயிற்று, விமானம் போயிற்று, பச்சை மைக் கட்டுரையும் போயிற்று.

"யார் எழுதினா என்னங்க, சார் கையெழுத்துப் போட்டிருக்காரே! திங்கக்கிழமை பெட்டியை ஏத்திடறேன்" என்றார் மேலாளர்.

முதலாளியம்மா பேராசிரியரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

தடுப்பு அங்கே இல்லை, இரண்டு மாடிக்குக் கீழே இருந்தது. ஆனாலும் தகர டப்பாச் சத்தம் அவர் காதில் விழுந்தது. காதில் அன்றைக்குப் பஞ்சும் இல்லை. தப்புச் செய்துவிட்டேன், அறையை மூடாதீர்கள் என்று நாலே சொல்லில் முடிய வேண்டிய விஷயம். அவர் இனத்தில் அந்த நாலு சொல்லைச் சேர்த்துச் சொன்னவர் இதுவரை கிடையாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"முதல் கட்ட ஆய்வு முடிஞ்சிருக்கு. மேற்கொண்டு ஆராயணும். ஆய்வு முடியறவரைக்கும் களத்துல ஒரு துரும்பு நகரக் கூடாது. அறை, ஆயாம்மா, பிள்ளைங்க எல்லாம் அப்படியே இருக்கணும். ஒரு பெட்டி உள்ள போனாலும் முடிவு கெட்டுப்போயிடும்."

"ஆராய்ச்சி கெடக் கூடாது" என்று முதலாளியம்மா பயபக்தியோடு சொன்னார். மேலாளர் பெட்டிக் கணக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பட்டன் அக்கா பேராசிரியரை முதல் முறையாக ஒரு மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அன்று மாலை ஃபாரம் சார் காப்பகத்துக்குள் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் அட்டை இல்லை. நின்று எண்ணினார்: இருபத்தொன்பது. பிள்ளைகள் ஓர் இடத்தில் இருந்தால்தானே? மறுபடி எண்ணினார்: முப்பத்து மூன்று. ஒன்று முதுகில் ஏறியது, ஒன்று செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடியது; விழுந்து புரண்டு மூன்றாம் தடவை எண்ணினார்: முப்பத்தொன்று. தரையில் உட்கார்ந்து விரல் விட்டுச் சராசரி போட்டார். முப்பத்தொன்று!

"ஆயாம்மா! நீங்க சொன்னது சரிதான்!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. ஆயாம்மா, "தெரியும் சார், அந்தச் செருப்பை அவன் வாயில இருந்து எடுங்க" என்றார்.

மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன ஆய்வுக்கு இது ஏழாவது வருடம். வாரம் தவறாமல் போய் எண்ணிவிட்டு வருகிறார். எண்ணிக்கை இன்னும் உறுதிப்படவில்லை என்று வருடத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்கிறார். அறை திறந்தே இருக்கிறது.

சரி, உங்களிடம் வருவோம். இத்தனையும் படித்துவிட்டு, 'அதெல்லாம் இருக்கட்டும், இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டு இதை எழுதினார்? ஒருவரைப் பார்த்துவிட்டு ஓர் இனத்தையே பழிக்கலாமா?' என்று மனத்துக்குள் ஒரு கேள்வி எழுந்ததா? ஒருவரைத்தான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பத்தொரு குழந்தைகள் இவ்வளவு நேரம் காதுக்குப் பக்கத்தில் கத்தியும் உங்களுக்கு அந்தக் கேள்விதான் எழுந்தது என்றால், நாளைக் காலை தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிடுங்கள். எண்ணுவதற்குச் சாருக்கு இன்னோர் ஆள் தேவைப்படுகிறதாம்.