டார்ச் சார் மாப்பிள்ளை பார்த்த கதை

பகவானே நேரில் வந்து பிரசாதம் கொடுத்தாலும், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார் எங்கள் ஆபீஸ் டார்ச் சார். கதை விடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து நான் கொண்டுபோன அக்காரவடிசலுக்கே வெளிச்சம் காட்டினார்.

"பெருமாள் அமுது செஞ்சது சார்!" என்று பதறினேன்.

"அவரு பாத்து சாப்பிட்டாரோ என்னவோ!"

ஓட்டலில் இட்லியை டார்ச் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிச் சோதிப்பார். சுகாதார ஆபீசர் என்று பயந்து சர்வர்கள் கூடுதலாக ஒரு கரண்டி சட்னி ஊற்றுவார்கள். ஆனால் மனுஷருக்குக் காரணம் இருந்தது. மனைவி இறந்த புதிதில், நாலு வயது மகள் ஜெனிட்டாவுக்கு அவரே மீன் ஊட்டப் போய், தொண்டையில் முள் சிக்கி, டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்குப் பிடித்த டார்ச்சை அப்புறம் கீழே வைக்கவில்லை.

அந்த ஜெனிட்டா வளர்ந்து, கட்டினால் அருளைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். தில்லை நகரில் கும்மிருட்டில் சாப்பாடு போடும் ஓட்டலில் அருள் சர்வர். அங்கே பரிமாறுகிற யாருக்குமே பார்வை கிடையாது. அருளுக்குப் பிறவியிலிருந்தே.

"தட்டுல என்ன கெடக்குன்னு பாக்க முடியாதவன், என் பொண்ண எப்படிய்யா பத்திரமா வெச்சுப்பான்?" என்று என்னிடம் புலம்பினார். பொன்மலை வீட்டில் அப்பாவும் மகளும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"யாருன்னு சொல்லாம ஒரு தடவை போய்ட்டு வந்துருவோம் சார்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

வெளிச்சம் தரும் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். சார் சட்டைப்பையிலிருந்து ஒரு டார்ச் வந்தது. இடுப்பிலிருந்து இன்னொன்று. சாக்ஸுக்குள்ளிருந்து மூன்றாவது. காவலாளி என்னையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"நான் அருள். என் தோள்ல கை வெச்சுக்கிட்டு வாங்க சார்" என்றது ஒரு குரல். சார் அவன் தோளைப் பிடிக்க, நான் சார் தோளைப் பிடிக்க, குழந்தைகள் ரயில் விளையாடுவது மாதிரி உள்ளே போனோம். எனக்குச் சைவம், அவருக்கு மீன். தட்டு மாறினால் என் ஆசாரம் என்ன ஆகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். சாரோ தட்டையே தொடவில்லை.

"சாப்பிடுங்க சார். முள்ளெல்லாம் எடுத்தாச்சு. விரலால ரெண்டு தடவை தடவிப் பாத்துட்டேன். நீங்க ஜெனிட்டா அப்பாதானே?"

"எப்... எப்படித் தெரியும்?"

"வர்ற வழி பூரா உங்க கட்டைவிரல் என் தோள்ல டார்ச் ஸ்விட்ச அமுக்கிட்டே வந்துச்சு சார்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு சார் மெல்லும் சத்தம் கேட்டது.

"ஒரு முள்ளு இல்லய்யா" என்றார் என்னிடம். "தம்பி, என் பொண்ணுக்கும் இப்படி எடுத்துப் போடுவீங்களா?"

"ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"என்னது, ரெண்டு வருஷமாவா!" எங்கேயோ ஒரு டம்ளர் உருண்டு ஓடியது.

கல்யாணப் பந்தியில் சார் இலையில் மீன் விழுந்ததும், நாங்கள் எல்லோரும் அவர் சட்டைப்பையைத்தான் பார்த்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள் அந்த மீனை நிதானமாகத் தடவி, முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். "ஆச்சு மாமா, சாப்பிடுங்க" என்றான். சார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். எதிர்ப்பந்தியில் எனக்குத்தான் கண் கலங்கி, இலையில் சாம்பார் எது, ரசம் எது என்று தெரியாமல் போயிற்று.