ஸ்ரீராமுக்கு வந்த சர்க்கரை

"இது யாரோட மாத்திரை?"

மாமியார் சுசீலா கேட்டது அவ்வளவுதான். நிரஞ்சனாவின் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த மெட்ஃபார்மின் அட்டை, இப்போது மாமியார் கையில். சர்க்கரை வியாதிக்கான மாத்திரை என்று சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் அந்த அடுக்குமாடி புளோக் முழுக்கவே அடையாளம் கண்டுகொள்ளும் அட்டை அது.

ஆனால் ஃபேரர் பார்க் கிளினிக்கில் டாக்டர் யும்னா அதை எழுதித் தந்தது சர்க்கரைக்காக இல்லை. நிரஞ்சனாவுக்கு மாதவிலக்கு என்பது தோன்றினால் வரும், இல்லையென்றால் வராது. தாடையில் முடி வேறு. ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள்.

"கட்டின்னதும் பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "முழுசா வளராம பாதியில நின்னுபோன முட்டைப் பைகள்தான் அது. உடம்புல இன்சுலின் கூடிப்போனா சினைப்பை குழம்பிடும். சாப்பாட்டை மாத்துங்க, நடங்க, இந்த மாத்திரையும் எடுங்க. நிறைய பேருக்கு இதுலயே சரியாகுது."

எத்தனையோ பெண்களுக்கு இருக்கிற கோளாறுதான் என்றும் சொன்னார். அதையெல்லாம் மாமியாரிடம் யார் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து 'விசேஷம் உண்டா?' என்று கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கு 'மருமகளுக்குத்தான் கோளாறாம்' என்று ஒரு வரி கிடைத்தால் போதும்.

"அவரோடது, அத்தை," என்றாள். "சுகராம்."

அந்த அவர், ஸ்ரீராம், கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தான். சுசீலா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்கே மாத்திரையில்லாம கட்டுப்படுத்தினவ நான். உன்னை விட்டுடுவேனா?"

உண்மைதான். மாமனார் துரைசாமியின் சர்க்கரை அந்தக் குடும்பத்தின் பெருமை. பல வருடங்களாக அவர் குடிப்பது சீனி போடாத கோப்பிதான். குடித்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார். பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது.

மறுநாள் காலையில் ஸ்ரீராமின் விரலில் ஊசி குத்தியது. பிறகு பாகற்காய்ச் சாறு வந்தது, அதன்பின் பூங்காவைச் சுற்றி வேகநடை. புருஷன் முன்னால் பொண்டாட்டி லட்டு தின்றால் அவனுக்கு ஆசை வராதா என்று கேட்டு, நிரஞ்சனாவையும் எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டாள் சுசீலா. டாக்டர் சொன்ன வைத்தியம் முழுவதும் மாமியார் கையாலேயே நடந்தது. ஊசி மட்டும் புருஷனுக்கு.

"சுகரே இல்லாம எத்தனை நாளைக்குத்தான் நான் சுகர் பேஷன்ட்லா?" என்று லிஃப்டில் கேட்டான் ஸ்ரீராம். பாவமாகத்தான் இருந்தது.

அதே மாதம் அவளுக்குத் தேதி தப்பாமல் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. மாதவிலக்கு வந்ததற்காகக் குளியலறையில் ஒரு பெண் குதித்து ஆடினாள் என்றால் யார் நம்புவார்கள்? நிரஞ்சனா ஆடினாள், வாளியும் கவிழ்ந்தது.

அந்தச் சந்தோஷத்தில் புருஷனுக்கும் விடுதலை வாங்கித் தர நினைத்து, அவருக்குச் சர்க்கரை சரியாகிவிட்டதாம் என்று மாமியாரிடம் சொன்னாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். சுசீலா பூரித்துப்போய்ச் சமூக மன்றத்துக்குச் செய்தி சொல்ல, அவர்கள் அடுத்த வாரமே ஸ்ரீராமை மேடையேற்றினார்கள். சர்க்கரையை வென்ற இளைஞர். முன்வரிசைப் பெரியவர்கள் கால் எரிச்சலுக்கு வழி கேட்டார்கள், கண் மங்கலுக்கு வழி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் டாக்டரைப் பாருங்கள், பாகற்காயையும் சாப்பிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஸ்ரீராமுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பலத்த கைதட்டல். அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ அம்மாகிட்ட சொல்லிடு," என்றான் வீட்டுக்கு வந்ததும். "இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

சனிக்கிழமை ஸ்கேன் இருந்தது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள் நிரஞ்சனா. டாக்டர் யும்னா திரையைப் பார்த்துச் சிரித்தார். முட்டை ஒன்று முழுசாக வளர்ந்திருக்கிறதாம். நடையையும் சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள், குழந்தைக்கு இனி தாராளமாக முயற்சி செய்யலாம் என்றார். நிரஞ்சனா முதலில் கழிவறைக்கு ஓடினாள். அதன்பிறகுதான் அழுதாள்.

இன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிடலாம் என்ற தைரியம் வந்திருந்தது. ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தவள், சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே, மூலை மேசையில் துரைசாமி. எதிரே நிறையச் சீனி போட்டு ஆற்றிய பால் டீ, தே தாரிக். கையில் பாதி கடித்த ஜிலேபி.

"மாமா, உங்களுக்குச் சுகர்," என்று ஓடிப்போய்த் தட்டை இழுத்தாள்.

துரைசாமி பதறவில்லை. தட்டைத் தன் பக்கம் மெதுவாக நகர்த்திக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரும்மா. ஸ்கேன் நல்லா வந்துச்சா? கிளினிக் சீட்டுல இன்னிக்குத் தேதி இருந்துச்சாம், உங்க அத்தைதான் பார்த்துட்டு வரச் சொன்னா."

நிரஞ்சனா ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"மாத்திரையைப் பார்த்த அன்னிக்கே."

"அப்புறம் ஏன் மாமா, பாவம், அவரைப் போட்டுத் தினமும் ஊசியால குத்தினாங்க?"

துரைசாமி ஜிலேபியின் மீதியை வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தார்.

"அவனுக்கு ரெண்டு மாசம்தானேம்மா. அவன் பொறக்கறதுக்கு முன்னாடி உங்க அத்தைக்கும் இதே நீர்க்கட்டிதான்; எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு அவ சொன்ன பொய்யில, எனக்கு முப்பது வருஷமா சுகர்."