இருபத்திரண்டு மணிக்கட்டுகள்

ஸ்ரீஸ்ரீ துர்க்கை துணை
காஞ்சன்டாங்கா, வங்க வருஷம் 1312, கார்த்திகம் 2

மகாராஜராஜஸ்ரீ அண்ணா அவர்கள் பாதங்களுக்குத் தம்பி நிபாரணின் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுத மனம் வரவில்லை. அண்ணியின் இருமல் குணமானதா என்று எழுதவும்.

இது உங்கள் தம்பி மனைவி கீரோதாவின் மேல் நான் கொடுக்கும் பிராது. வங்காளத்தை இரண்டாக வெட்டும் உத்தரவு அமலுக்கு வந்த அன்று ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது என்று முடிவு. ஊர் எப்படியோ போகட்டும், இருபத்தாறு வருஷம் சர்க்கார் உப்பைத் தின்ற தலைமைக் குமாஸ்தா வீட்டில் புகை வராவிட்டால் போலீஸ்காரன் கவனிக்க மாட்டானா என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "லிவர்பூல் சீமை உப்பை நிறுத்தி மாசமாச்சு. இப்ப நீங்க திங்கறது நம்ம ஊர்க் கல்லுப்பு." ஊறவைத்த அவலைக் கொடுத்தாள், நான் செருப்பை மாட்டக் குனிந்த சமயம் பார்த்துக் கையைப் பிடித்து பிரிவினையை எதிர்ப்பவர்கள் அன்று கட்டிக்கொள்ளும் மஞ்சள் நூலைக் கட்டி ஏழு முடிச்சு போட்டுவிட்டாள். வழியெல்லாம் பல்லால் கடித்துப் பார்த்தேன், அவிழவில்லை, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு கலெக்டர் கச்சேரிக்குப் போனேன்.

பதினோரு மணிக்குக் கலெக்டர் துரையிடம் காகிதக் கட்டை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. இது என்ன பாபு என்றார். கீரோதாவைத் தவிர யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை, அண்ணா. ஆனாலும் மணிக்கட்டு வாதம், வைத்தியர் மந்திரித்துக் கட்டியது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதோடு விட்டாரா? பக்கத்து மேஜைக் கோபிந்தோவின் கையைப் பார்த்தார், அவனுக்கும் வாதம். அதற்கடுத்தவனுக்கும் வாதம். ஆக மொத்தம் இருபத்திரண்டு குமாஸ்தாக்களுக்கும் வாதம். துரை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி அகோர் டாக்டரை வரவழைத்தார். அவர் என் நாடியைப் பிடிக்கக் கையை நீட்டினால், அந்தக் கையிலும் மஞ்சள் நூல். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு முகம் மாறாமல், "தொத்து வியாதி, துரை. எனக்கும் வந்திருக்கு" என்றார். துரை இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு விரட்டினார்.

எனக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம் பாக்கி. அந்தச் சனியன் பிடித்த நூலால் அது போனால் யார் பதில் சொல்வது? ராஜத் துரோகம் நம் குடும்பத்துக்கு ஆகாது என்று நீங்கள் அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் பேச்சைத்தான் கொஞ்சமாவது கேட்பாள்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், அண்ணிக்கு நமஸ்காரம். துர்க்கை உங்களையும், முடிந்தால் என்னையும் காப்பாற்றட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
நிபாரண் சந்திர சர்க்கேல்

பி.கு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் துரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ‘அன்று நூல் கட்டியது பிரிவினையை எதிர்த்து அல்ல’ என்று இங்கிலீஷில் ஒரு காகிதம் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். மற்ற இருபத்தொரு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். வரைவைத் திருத்துவது என் உத்தியோகமல்லவா, ‘அல்ல’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆகவே கீரோதாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அங்கே உங்கள் ஜமீன் கச்சேரியில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவையா என்று விசாரிக்கவும்.