நானூற்றுப் பதினேழாம் எண்

"தோள்பட்டை இப்போ எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள் பதிவு மேசையில் இருந்த தகெனோ.

நண்பர் காவாசுமியின் பேரில் வந்திருந்த இசோமுரா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. காவாசுமியின் பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு விலாசம் எல்லாவற்றையும் படகில் வரும்போதே உருப்போட்டு வைத்திருந்தார். தோள்பட்டை பாடத்தில் இல்லை.

"தேவலைங்க," என்று இடது தோளைச் சுழற்றிக் காட்டினார்.

"போன வருஷம் வலது தோள்னு சொன்னீங்க."

"அது... இந்தப் பக்கம் வந்துடுச்சுங்க."

தகெனோ அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் என்னமோ எழுதினாள். பிறகு 417 என்று அச்சடித்த எண் துணியையும் ஒரு நீலத் துண்டையும் நீட்டினாள்.

"துண்டு இப்பவேவா?"

"வந்தவங்க எல்லாருக்கும் உண்டே. தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"மறந்துட்டேன். இது பத்தாவது தடவையில்லையா, வயசாயிடுச்சு."

"ஆமா, பத்தாவது," என்றாள் தகெனோ மெதுவாக.

மனுஷன் பொய் சொல்லிப் பழகியவரில்லை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் காவாசுமிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து மீட்டர் புகார்களைப் பார்த்தவர். கடைசி ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் காவாசுமி இரண்டு நாள் லீவு போட்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்காக இந்தத் தீவுக்குப் போவார். கறுத்துப் போய்த் திரும்பி வந்து, புதுத் துண்டை நாற்காலி முதுகில் மாட்டுவார். அப்புறம் ஒரு வாரம் கதைதான். "கடைசி மூணு கிலோமீட்டர் இருக்கே, உடம்பு தன்னால போகும் இசோமுரா. குளுகுளுன்னு காத்து அடிக்கும். கால் ஓடுறதே தெரியாது. ஒரு தடவை வாயேன்."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார் இசோமுரா. ஒன்பது ஜூன் அப்படித்தான் போனது. பத்தாவது ஜூனுக்கு ஜனவரியிலேயே பெயர் கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு காலை ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்த காவாசுமி எழுந்திருக்கவில்லை.

பத்து முறை முடித்தவர்களின் பெயரைத் துறைமுகத்தில் ஒரு மரப்பலகையில் எழுதுவார்கள். காவாசுமியே சொன்ன தகவல். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில், வர முடியாது என்று தீவுக்கு எழுதிப் போட வேண்டும் என்று சொன்ன அவர் மனைவி சயோகோவிடம், "எழுதாதீங்க. நான் அவரா போறேன். பலகையில அவர் பேர் ஏறட்டும்" என்று சொன்னபோது இசோமுராவின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. சயோகோ நீச்சல் உடையையும் சைக்கிளையும் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ரப்பர் உடைதான் முதல் சத்துரு. காவாசுமி ஒல்லி. இசோமுராவுக்கு ஐம்பத்துநான்கு வயது, அதற்கேற்ற வயிறு. காலில் பிளாஸ்டிக் பை மாட்டி வழுக்கவிட்டு, இரண்டு பேர் பின்னாலிருந்து ஜிப்பை இழுத்து, ஒரு வழியாக உள்ளே புகுந்தார். ஒன்பது வருஷம் போட்ட உடை முட்டியில்கூடத் தேயாமல் புதுக்கருக்கோடு இருந்தது. சைக்கிள் டயரும் அப்படியே. பொருளை அப்படிப் பாதுகாக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் இசோமுரா.

எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஒன்றரைக் கிலோமீட்டர் கடலில் நீந்த வேண்டும். கரையில் தகெனோ தொலைநோக்கியோடு நின்றாள். இடது தோள் வலி என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே இடது கையைச் சும்மா பேருக்கு ஆட்டி, வலது கையால் மட்டும் தண்ணீரை இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் எல்லோரும் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் இடதுபுறம், கொரியாவுக்குப் போகிறவர் மாதிரி.

பாதுகாப்புப் படகு பக்கத்தில் வந்தது. "காவாசுமி சான், ஏறிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று கையைத் தூக்கி ஆட்டினார். கையைத் தூக்கினால் காப்பாற்று என்று அர்த்தம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கயிறு வந்து தலைமேல் விழுந்தது.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"கை தூக்கினீங்களே."

"சும்மா தூக்கினேன்."

"கடல்ல யாராவது சும்மா தூக்குவாங்களா?"

கயிற்றை உதறிவிட்டு, இரண்டு கையையும் போட்டு அடித்து நீந்திக் காட்டினார். படகுக்காரர் ஒலிபெருக்கியில், "காவாசுமி சானுக்குத் தோள் குணமாயிடுச்சு" என்று தீவுக்கே அறிவித்தார். கரையில் கைதட்டினார்கள். எல்லோருக்கும் கடைசியாக, குடித்த உப்புத் தண்ணீரோடு வெளியே வந்தார்.

நாற்பது கிலோமீட்டர் சைக்கிளில் பாதி தாண்டியதும் ஒரு லோக்காட் பழ மரத்தடியில் பெண்கள் நின்றார்கள். எண் துணியைப் பார்த்ததுமே ஒருத்தி நடுரோட்டுக்கு வந்து கையை விரித்தாள்.

"காவாசுமி சான், உங்க நாற்காலி போட்டு வச்சிருக்கோம்."

உண்மையாகவே நாற்காலி. மெத்தையோடு. மற்றவர்களுக்கெல்லாம் காகிதக் குவளையில் பார்லித் தேநீர்தான், அதுவும் நின்றபடி. மூத்த வீரருக்கு என்ன மரியாதை என்று இசோமுரா நெகிழ்ந்து போனார். இறங்காமல் போனால் வேஷம் கலைந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. உட்கார்ந்தார். மடியில் ஒரு கிண்ணம் சூடான உடோன் நூடுல்ஸ் வந்தது.

"நேரமாகுதுங்க," என்றார் வாயில் நூடுல்ஸோடு.

"நீங்களா சொல்றது?" என்று பெண்கள் சிரித்தார்கள். "இன்னொரு கிண்ணம் எப்பவும் நீங்களாத்தானே கேப்பீங்க?"

இரண்டாவது கிண்ணமும் போயிற்று. அந்த உடோன் சாப்பிட்டால்தான் சைக்கிள் ஓடும் என்று காவாசுமி சொல்லுவார். ஓடவில்லை. வயிறு ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாகப் போயின. போட்டியில் பதினெட்டு நிமிஷம் காணாமல் போயிருந்தது.

கடைசியில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். பன்னிரண்டு மணி அடித்தால் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். இரண்டாவது கிலோமீட்டரிலேயே முதுகுக்குப் பின்னால் உறுமல் கேட்டது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வெள்ளை மினிபஸ். கதவு திறந்தே இருந்தது. ஓட்டுநர் ஒகிதா, தொப்பி வைத்த கிழவர்.

"ஏறலையா?"

"இல்லைங்க."

அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும். "சன்னலோரம் காலியாத்தான் இருக்கு. விசிறி உங்க பக்கம் திருப்பி வச்சிருக்கேன்."

"முன்னாடி போங்களேன், புண்ணியமாப் போகும்."

"கடைசி ஆளுக்குப் பின்னாலதாங்க என் வண்டி."

பஸ்ஸை உதறிவிடலாம் என்று வேகமாக ஓடினார். கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. நொண்டினார். பஸ்ஸும் நொண்டுகிற வேகத்தில் வந்தது. ஏழாவது கிலோமீட்டர் தாண்டியது. இனி உடம்பு தன்னால போகும் என்று காத்திருந்தார். போகவில்லை. குளுகுளு காற்றும் இல்லை. பஸ் கதவு வழியாக வந்த ஏசி காற்று ஒன்றுதான் முதுகில் பட்டது.

"ஏறிடுங்களேன்," என்றார் ஒகிதா. "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

இசோமுரா நின்றார். சாலையோரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அந்நியரிடம் குரலை உயர்த்தினார்.

"பத்தாவது தடவைங்க இது. பத்தாவது. செத்தாலும் ஏறமாட்டேன். உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒகிதா தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஏறச் சொல்லவேயில்லை. கதவை மட்டும் மூடாமல் வந்தார்.

மீதி மூன்று கிலோமீட்டரும் இசோமுரா அழுதுகொண்டேதான் ஓடினார். ஒரே ஒரு ஜூன் வந்திருக்கலாம். இரண்டு நாள் லீவு, ஒரு படகு டிக்கெட், அவ்வளவுதான். மீட்டர் புகார் எங்கே ஓடிப்போயிருக்கும்? பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் கூப்பிட்ட மனுஷனுக்கு அடுத்த வருஷம் என்றே சொல்லிவிட்டோமே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அதில் உடோனுக்கும் பங்கு உண்டு.

துறைமுகம் தெரிந்தபோது கடிகாரம் பதினொன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பதைத் தாண்டிக் கோட்டின் மேல் போய் விழுந்தார்.

"நானூற்றுப் பதினேழு, காவாசுமி மித்சுகு" என்று ஒலிபெருக்கி சொன்னது. அதோடு அந்தக் குரல் ஏனோ நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள் பாருங்கள், அப்படித் தட்டினார்கள். உடோன் பெண்கள்கூட வந்திருந்தார்கள். படகுக்காரர் தலை குனிந்து நின்றார்.

தகெனோ ஓடிவந்து கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினாள். இசோமுரா அதைப் புரட்டிப் பார்த்தார். காவாசுமி பதக்கம் எதையும் அலுவலகத்தில் காட்டியதே இல்லை. அவ்வளவு அடக்கம்.

"பலகையில பேரை எப்போங்க எழுதுவீங்க?" என்றார் மூச்சிரைக்க. "எழுதுறதைப் பார்த்துட்டுப் போறேன். அவர்... நான், பத்துத் தடவை ஆச்சில்ல."

தகெனோ ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒகிதாவைப் பார்த்தாள். கிழவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, முதல் தடவையாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இசோமுரா சான்," என்றார்.

இசோமுரா பதக்கத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சயோகோ அம்மா ஏப்ரல்லயே கடுதாசி போட்டுட்டாங்க. அவர் போனதையும் எழுதியிருந்தாங்க, நீங்க வரப்போறதையும் எழுதியிருந்தாங்க. தீவுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ பலகை?"

ஒகிதா முடிவுக் கோட்டைப் பார்த்தார். காலியாக நின்ற மினிபஸ்ஸைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமும் என் வண்டியில, சன்னலோரமா உட்கார்ந்துதாங்க இங்க வந்து இறங்குவாரு. ஓடி வந்து கோட்டைத் தாண்டினது இன்னிக்குத்தான் முதல் தடவை."